சோடா மூன்று கரண்டி

ரேலிகாவுக்குக் கடைப் பற்பசை காரம்.
ஆறு வயது வாய்.
"நெருப்பை வைத்துத் தேய்க்கச் சொல்கிறாய்" என்று
கதவைத் தாழிட்டுக்கொண்டு
குழாயைத் திறந்துவிட்டு
தேய்த்ததாகப் பேர் பண்ணினாள்.
பிரஷ் பொய் சொல்லாது.
தொட்டேன், காய்ந்திருந்தது.

அதனால்தான் செவ்வாய் இரவு
கடைசிக் கப்பலில் கார்களை ஏற்றி இறக்கிவிட்டு,
கையில் டீசல் வாடை போகாமல்
அடுப்படியில் நிற்கிறேன்.
சமையல் சோடா மூன்று கரண்டி.
தேங்காய் எண்ணெய் மூன்று கரண்டி.
கரண்டியா? உளிதான் வேண்டும்.
சாரெமா தீவின் பிப்ரவரியில்
அது எண்ணெய் இல்லை, வெள்ளைக் கல்.
எந்த வெயிலில் காய்த்த காயோ,
என் சமையலறையைப் பார்த்து விறைத்துப் போயிருக்கிறது.
வெந்நீரில் ஜாடியை உட்கார வைத்தேன்.
ஓரத்திலிருந்து மெல்ல மனம் இளகியது.
உப்பு ஒரு சிட்டிகை.
புதினா கிடையாது. வழக்கே அதுதானே.

நான் தேய்த்துப் பார்த்தேன்.
பால்டிக் கடல் வாய்க்குள் வந்து
ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.
ரேலிகா விரலால் தொட்டு நக்கினாள்.
"ஒரு ருசியும் இல்லை" என்றாள்,
தேய்த்தாள்.
கோர்ட்டில் கிடைத்த தீர்ப்பைவிட
இது எனக்குச் சாதகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அம்மாவிடம் விடும் நாள்.
விடுவது என்றால்
விர்த்சு துறையில் பலகை இறங்கும்,
நான் கார்களுக்குக் கைகாட்டுவேன்,
கரையில் வீவே காரைவிட்டு இறங்காமல் இருப்பாள்,
பையோடு ரேலிகா நடந்து போவாள்.
இரண்டு வருடமாக
நானும் வீவேயும் பல்லில் படாமல் பேசுகிறோம்:
இருமல் மருந்து. பள்ளிக் கூட்டம். கையுறையில் ஒன்றைக் காணோம்.

ஜாடியும் பையில் போனது. நான் வைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது.
திறந்தால் ஆரஞ்சுத் தோல் வாசனை.
மூடியில் ஒட்டிய தாளில் சாய்ந்த கையெழுத்து:
"சோடா அதிகம். ஈறு எரியும். இரண்டு போதும்."

பல்லைக் கடித்தேன்.
என் சூப்பில் ஐந்து வருடம் உப்புப் பார்த்த
அதே கை.
இரண்டு கரண்டி போட்டுச் செய்தேன்.
சரியாக வந்தது. எரிச்சலே அதுதான்.

நானும் எழுதி ஒட்டினேன்:
"ஆரஞ்சு பரவாயில்லை."
அடுத்த வாரம் பதில் வந்தது:
"ஜாடி அடியில் கல்லாகக் கிடந்தது.
உன் வீட்டில் ஹீட்டர் போடுகிறாயா, இல்லையா?"

கப்பலில் குளிர் என்று எழுதலாம்.
பேனாவை எடுத்தேன், வைத்தேன்,
எழுந்து போய் ஹீட்டரை
இரண்டு எண் கூட்டினேன்.
எண்ணெய் கோள் சொல்லும் என்று
யார் கண்டது?

இந்த வெள்ளி
நடுக்கடலில், லாரி வரிசைக்குப் பின்னால்,
ரேலிகா ஆப்பிளைக் கடித்தாள்,
ஆப்பிளிலேயே நின்றுவிட்டது பல்.
உன் வீட்டில் இல்லை, என் வீட்டில் இல்லை,
இரண்டு கரைக்கும் நடுவில்.
அழவில்லை. அலசினாள்.
பத்திரமாக இருக்க ஜாடிக்குள் புதைத்தாள்.

பலகை இறங்கியது.
கார்களை விட்டுவிட்டு நடந்தேன்,
வேலையில் செய்யக் கூடாத காரியம்.
வீவேயின் கண்ணாடியைத் தட்டி
ஜாடியைத் தூக்கிக் காட்டினேன்.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், இன்னொருவனும்.
கண்ணாடி இறங்கியது.

"மேல் பல்லா, கீழ்ப் பல்லா?" என்றாள்.