சாமியார்பேட்டை, இரண்டாம் நாள்

கூடாரத்து முளைகள் மணலில் நிற்கவில்லை.
வீடியோவில் அடித்துக் காட்டியது புல்தரை.
ராத்திரி முழுக்க அவர்
ஒரு மூலையைப் பிடித்தபடியே தூங்கினார்.

நான் போட்டு வைத்த அட்டவணை:
ஆறு மணிக்கு அலை எண்ணுதல்.
ஏழுக்கு அடப்பங்கொடி, ராவணன் மீசை
வரைந்து பெயர் எழுதுதல்.
எட்டுக்கு இட்லி, அதற்குள்
ஓதம் பற்றி ஒரு பக்கம்.

வெண்பா நூற்றுப் பதினேழு வரை எண்ணிவிட்டு
"சின்ன அலை பெரிய அலைக்குள்ள போயிட்டா
ஒண்ணாம்மா, ரெண்டா?" என்றாள்.
ஏழு மணி ஆகிவிட்டது என்றேன்.
ருத்ரன் நண்டு வளைக்குள் கைவிட்டு
தோள்வரை ஈரமணல்.
நண்டு வேறு வாசலால் வெளியே வந்து
கண்களைக் குச்சிமேல் தூக்கி
அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சவுக்குத் தோப்பு வழியாக ஒரு சிறுமி வந்தாள்.
சீருடை, ஒரு பக்கம் மட்டும் பின்னிய சடை.
ரட்சனா, அஞ்சாவது, ஆ பிரிவு.
"நீங்க ஸ்கூலுக்குப் போவல?"
"எங்களுக்கு வீடுதான் ஸ்கூல்."
கல்யாண வீடுகளில் நான் சொல்லிச் சொல்லி
வெண்பாவுக்கு மனப்பாடமான பதில்.
ரட்சனா மற்ற சடையைப் பின்னிக்கொண்டே யோசித்தாள்.
"அப்ப லீவு எப்போ?"

டி.சி. என்னாகும் என்று நாத்தனார் கேட்டிருக்கிறார்.
நாலு பிள்ளைகளோடு பழக வேண்டாமா என்று
கேஸ் சிலிண்டர் போடுபவர்கூட.
எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.
வெண்பா என்னைப் பார்த்தாள்.
நான் பிளாஸ்க்கைத் திறந்தேன்,
டீ இல்லையென்று தெரிந்தே.

"சாக்குல மண்ண ரொப்பி, கயித்த அதுல கட்டிப் பொதைங்க, நிக்கும்"
ஓடிக்கொண்டே சொன்னாள்.
அவளுக்கு பெல் அடித்துவிடும்.

பதினோரு மணிக்கு
வலைத் துண்டும் தெர்மாகோலும் ஒதுங்கும் இடத்தில்
பங்குனி ஆமை.
காக்கைகள் கண்ணில் தொடங்கியிருந்தன.
தையல் டேப்பை எடுத்தேன்.
ஓட்டின் நீளம் அறுபத்தெட்டு.
அகலம் பார்க்கக் குனிந்தபோது
டேப்பின் மறுமுனையை யாரும் பிடிக்கவில்லை.
ருத்ரன் நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு
திரும்பி நின்றிருந்தான்.
வெண்பா வந்து
என் காதிலிருந்த பென்சிலை உருவினாள்.
"இன்னிக்கி லீவு" என்றாள்.

நால்வரும் கையாலேயே தோண்டினோம்.
முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறியது.
கரை இடிந்து இடிந்து விழுந்தது.
மறுபடி, மேடான இடத்தில்.
யாரும் எதையும் விளக்கவில்லை.

சாயங்காலம் ரட்சனா
நாலு அரிசி மூட்டைச் சாக்கோடு வந்தாள்.
பிள்ளைகள் மணல் அள்ளிப் போட்டதைவிட
ஒருவர் சட்டைக்குள் ஒருவர் போட்டது அதிகம்.
நோட்டில் தேதி மட்டும் எழுதினேன்.

அன்றிரவு நல்ல காற்று.
கூடாரம் அசையவே இல்லை.
அவர் கைகால் பரப்பிக் குறட்டை விட்டார்.
விழிப்பு வந்தபோது பார்க்கிறேன்,
துணியின் ஒரு மூலை
என் கைக்குள் சுருண்டிருந்தது.