எடைமேடை

தாழையூத்து ரோட்டோரம் என் எடைமேடை
இருபது இருபதாய்த்தான் எண்ணும்.
இடையில் கிடப்பதைப்
பக்கத்து இருபதுக்குத் தள்ளிவிடும்.
லாரிக்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.
பதினோரு வருஷமாய்க் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து
வெறும் வண்டி, பார வண்டி, சரக்கு என்று
மூன்று வரி அடித்துக் கிழித்துக் கொடுக்கிறேன்.

நான் தொண்ணூற்றாறு.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.
என்ன வேலை என்று கேட்டார் டாக்டர் ஷெரின்.
எடை போடுதேன் என்றேன்.
சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு!
'நடக்கணும்' என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார்.

அன்று ராத்திரி லாரி இல்லாத நேரம்
மேடையில் ஏறி நின்று எட்டிப் பார்த்தேன்.
நூறு.
சொந்த மேடையே எனக்கு
நாலு கிலோ கூட்டிப் போட்டது.

சித்திரையில் ஆரம்பித்தேன்.
டூட்டிக்கு முன்னால், கங்கைகொண்டான் பக்கமாய்,
நாலு மின்கம்பம் போய் நாலு கம்பம் திரும்ப.
மூன்று நாளைக்கு ஒரு கம்பம் கூட்டு,
எனக்கு நானே போட்ட சட்டம்.
ஐந்தாம் கம்பத்து நாய்
இவன் ஓடமாட்டான் என்று தெரிந்து
எழுந்திருக்கவே இல்லை.

நடக்கிறவனைக் கண்டால் இந்த ரோட்டுக்குப் பொறுக்காது.
வண்டி பஞ்சரா அண்ணாச்சி?
ஏறுங்க, கொண்டு விடுதேன்.
வீட்ல எதுவும் விசேஷமா?
ஒரு நாளைக்கு ஏழு பேருக்கு
நான் நல்லா இருக்கேன் என்று சொல்லவேண்டியிருந்தது.
அதற்கே மூச்சு வாங்கியது.

பத்தொன்பதில் முழங்கால் பேசியது.
இருபத்திரண்டில் செருப்பு வார் போனது.
இருபத்தாறில் புரோட்டாக் கடை.
கல்லில் கரண்டி கொத்துகிற சத்தம்
அங்கே ஒன்பது நாள் நிறுத்திவைத்தது என்னை.
இரண்டு நாள் உள்ளேயும் போனேன்.
அதை பிரம்முவிடம் சொல்லவில்லை.
ராத்திரித் தூக்கில் இரண்டு இட்லி குறைத்தவள்
அஞ்சாம் நாளே ஒன்றைத் திரும்ப வைத்துவிட்டாள்,
கண்ணு உள்ள போயிட்டு என்று.

முப்பத்து மூன்றில், உடைமரத்தடியில், ஒரு புள்ளிமான்.
நாற்பது கிலோ இருக்கும், தொழில் புத்தி.
என்னைப் பார்த்தது.
அத்தனை உடம்பையும் நாலு குச்சியில் வைத்துக்கொண்டு
வேலியைத் தாண்டிப் போனது.
நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மேடை மட்டும் அசையவில்லை.
மருந்துக்கடை மெஷின் தொண்ணூற்று மூன்று என்றது,
இங்கே நூறு.
தொண்ணூற்றொன்று, இங்கே நூறு.
ஆடி பிறந்தது.
சிமெண்டுத் தூசி பூத்த வேம்பையெல்லாம்
குற்றாலத்துக் காற்று தட்டி உதறியது.
ஒரு சாயங்காலம் அது
என்னையும் ஓர் அடி பக்கவாட்டில் தள்ளியது.
முதன்முதலாய்.
சந்தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டேன்,
பஸ் ஒன்று நின்றுவிட்டது.

அன்று ராத்திரி மூன்று மணி. மேடை ஏறினேன்.
எண்பது.
இறங்கி ஏறினேன். எண்பதுதான்.
சீட்டு அடித்தேன்,
வண்டி எண் இடத்தை வெறுமனே விட்டு.
சாம்பல் லோடு கொண்டுவந்த சப்பாணிமுத்து
சீட்டை வாங்கி லைட்டில் பிடித்தான்.
'சாயங்காலம் நூறு, இப்ப எண்பதா?
இருபது கிலோவ எங்கவே இறக்குன?'

அவன் செலவில் டீ. சூடாய் ரெண்டு போண்டா.
நம்பாமல் இன்னொரு தரம் ஏறச் சொன்னான்.
ஏறினேன்.
நூறு.

அவன் சிரித்து முடிக்கிறவரைக்கும்
பின்னால் இரண்டு லாரி ஹாரன் அடித்தது.

சீட்டு சட்டைப்பையில் இருக்கிறது.
இன்றைக்கு நாற்பத்தொன்றைத் தாண்டவேண்டும்.
அதற்கு அங்கிட்டு
கம்பத்தில் நம்பர் அழிந்து கிடக்கிறது.