வியாழக்கிழமை என்றான் திம்மராயன்

வியாழக்கிழமை என்றான் திம்மராயன்.
மாங்கூழ் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
முழங்கைவரை இனிப்பு வாசத்தோடு வருவான்,
அரை மணிக்கு முப்பது ரூபாய் கொடுப்பான்,
ஆடமாட்டான்.
தேதி சொல்லிவிட்டுத் தூங்கப் போவான்.

போன மாசம் செவ்வாய் என்றான்.
அதற்கு முந்தி சித்திரை ஒன்று.
ஜப்பான்காரனுக்கு எதுக்குடா சித்திரை என்றால்
நல்ல நாள் எல்லாருக்கும் நல்ல நாள்தானே அண்ணா
என்றான்.

யாஸ்மின் நாள் பார்ப்பதில்லை, கணக்குப் பார்ப்பவள்.
பெங்களூரில் பழைய பெட்டி நாலாயிரம் இறங்கிவிட்டது,
கிடங்கைக் காலி பண்ணுகிறார்கள்,
இலை எடுத்தால்தானே அடுத்த பந்தி?
பிளஸ் டூ. என் கடையில் இதுவரை தோற்றதில்லை.
அவள் சொன்னதும்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பழையபேட்டை, செல்போன் கவர் கடைக்கு மேல்
பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை.
இரண்டு டிவி, இரண்டு பெட்டி.
இடது பெட்டியின் விசிறி
டோல்கேட்டில் நிற்கிற லாரி மாதிரி இரையும்.
இன்றைக்கு விற்றால் பதினாறாயிரம்.
புதிது வருகிறது என்று கம்பெனி வாய் திறந்த மறுநாள்
எட்டுக்கும் ஆள் வராது.

வாய் திறப்பதற்காகக் காத்திருப்பது
இந்த ஊருக்குப் புதிதில்லை.
ஆலைக்காரர்கள் கிலோ விலை சொல்லும்வரை
பெங்களூரா காய் மரத்திலேயே தொங்கும்.
போச்சம்பள்ளியில் என் மச்சானுக்கு நாலு ஏக்கர்.
நாளைக்குச் சொல்வான், நாளைக்குச் சொல்வான் என்று
ஒரு வருசம் பாதித் தோப்பை அணிலுக்குக் கொடுத்தான்.
நான் சிரித்தேன்.
அப்போது எனக்குக் கடை இல்லை.

கௌரம்மா சீட்டு, ஒரு லட்சம்.
ஏழாவது மாசமே இருபத்தெட்டாயிரம் தள்ளிக் கேட்டேன்.
ஒரு தரம், இரண்டு தரம் சொன்னவள்
மூன்றாம் தரத்துக்கு முன்
வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றாள்.

வியாழக்கிழமை வருதுன்னு யார் சொன்னது?
சுகுணா கேட்டாள்.
எல்லாரும் சொல்றாங்க.
எல்லாரும்னா திம்மராயனா?

இடது பெட்டி காவேரிப்பட்டணம் போனது.
பேசியது பதினாறு, கொடுத்தது பதிமூன்று.
விசிறிச் சத்தத்துக்கு மூவாயிரம் கழித்தான்.

வியாழன் விடியாத மூன்றரை மணி.
ஷட்டர் பாதி. உள்ளே ஒன்பது பேர்,
யாஸ்மினுக்குத் துணையாக வந்து
சுவரோரம் தூங்கிவிட்ட அவள் அத்தாவையும் சேர்த்து.
ரோந்து வந்த ஏட்டு வஜ்ரவேல்
லத்தியால் ஷட்டரைத் தட்டினார்,
குனிந்து பார்த்தார்,
என்னய்யா சீட்டாட்டமா என்றார்.
விவரம் சொன்னோம். தொப்பியைக் கழற்றி
ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் திரையில் வந்து
இடுப்பு மடியக் கும்பிட்டார்.
திம்மராயன் எழுந்து பதிலுக்குக் கும்பிட்டான்.
நாற்பது நிமிடம்.
ஒரு குதிரை, ஒரு பாழடைந்த கோட்டை,
பந்தயக் கார்கள், மழை,
கடைசியில் இசை நின்று திரை இருண்டது.
யாரும் மூச்சு விடவில்லை.
வெளிச்சம் வந்தபோது
இருக்கிற பெட்டிக்கே ஒரு புதுக் கைப்பிடி,
மஞ்சள் நிறத்தில்.

அவ்வளவுதானா என்றார் ஏட்டு.

எங்க செந்தூரா தோலில் இதைவிட நல்ல நிறம் இருக்கு
என்று யாரோ சொன்னார்கள், யாரும் சிரிக்கவில்லை.
யாஸ்மின் அத்தாவை எழுப்பினாள்.
சையத் பாஷா மலைக்குப் பின்னால் வெளுக்கத் தொடங்கியது.

ஞாயிறு, ஒரே பெட்டிக்குப் பதினோரு பையன்கள்.
படிக்கட்டுவரை வரிசை, இரண்டு சண்டை,
ஒரு சட்டைப் பொத்தான்.
எழுபத்திரண்டாயிரம் சுகுணாவின் பட்டுப்புடவை மடிப்பில் இருக்கிறது.
புதுசு என்ன விலை இருக்கும் என்பதைக்கூட
யாரும் சொல்லவில்லை.

திம்மராயன் மூன்று நாள் வரவில்லை.
நாலாம் நாள் வந்தான், முப்பது ரூபாய் வைத்தான்,
அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:
போகும்போது அந்த ஆள் லேசா சிரிச்சான் அண்ணா,
கவனிச்சீங்களா?

கவனித்திருந்தேன்.
ஆடிப்பெருக்கு என்றேன்.