முன்கொணர்ந்த மீதி

முல்லைத்தீவுக் கச்சேரியில்
கையெழுத்து நன்றாயிருந்தவன் நான்.
அதனால் விண்ணப்பம் என் தலையில் விழுந்தது.
வன்னியின் உட்காட்டை ஆராய்ந்தறியப் போகும் குழுவுக்குப்
பொதுசனங்களிடம் பணம் கேட்க வேண்டும்.
ஒரே கடிதத்தை ஐந்து விதமாக எழுதினேன்.

வெள்ளையஞ் செட்டிக்கு:
காட்டை ஊடறுத்து ஒரு வண்டிப்பாதை கிடைக்கலாம்.
தண்ணீரூற்று மீரா லெப்பைக்கு:
யானைத் தடங்கள் படத்தில் குறிக்கப்படும்.
சுவாமியாருக்கு:
பழைய வேதக்காரர் சிலர் உள்ளே இன்னமும் இருக்கக்கூடும்.
உடையாருக்கு ஒரு வரியே போதும்:
கொடுத்தவர் பெயர் தேசாதிபதி மேசைக்குப் போகும்.

ஐந்தாவது பாலைமோட்டைக்கு.
அங்கே வாசிக்கத் தெரிந்தவர் இல்லை,
தலையாரிதான் உரக்கப் படிக்க வேண்டும்.
ஆகவே சுருக்கினேன்:
உங்கள் குளக்கட்டு உடைப்பைப் பார்க்கத் துரைமார் வருகிறார்கள்.

செட்டி நூறு. லெப்பை எண்பது.
உடையார் நூற்றைம்பது என்று சபையில் சொல்லி
அறுபது அனுப்பினார்.
கரைவலைச் சம்மாட்டி மனுவேல் எதற்கென்றும் கேளாமல்
ஈரக் கையால் பத்து வெள்ளி தந்தார்.
இரண்டு நாள் மேசை இழுப்பறை மீன் நாறியது.
பாலைமோட்டையிலிருந்து ஆறு போத்தல் தேன்.
விற்று, இரண்டு ரூபா,
பூதர் என்ற பெயரில் பதிந்தேன்.
சில்லறைக் கைகளும் சேர்த்து
நானூற்றுப் பன்னிரண்டு.

வைகாசியில் புறப்பட்டார்கள்.
வில்மட் துரை, நாற்பது கூலிகள்,
மூன்றுகால் கருவி, இரண்டு பெட்டி சோடா, மடக்கு மேசை.
ஆறாம் நாள் திரும்பி வந்தார்கள்.
குளிர்காய்ச்சலில் துரையின் பல் கிட்டியிருந்தது.
அந்த மேசையில் கிடத்தித்தான் தூக்கி வந்தார்கள்.
படத்தில் ஒரு விரல் நீளம் மைக்கோடு,
பிறகு வெள்ளை.

மிச்சம் நாலு ரூபா பன்னிரண்டு சதம்.
ரூபாவுக்கு ஒரு சதம் வீதம் திருப்பிக் கொடுக்கத் தீர்மானம்.
செட்டி தன் ஒரு ரூபாவைச் சுண்டிப் பார்த்து வாங்கினார்.
உடையார் ஆளனுப்பிக் கேட்டார்,
நூற்றைம்பதுக்கு ஒன்றரை அல்லவா என்று.

பூதருக்கு இரண்டு சதம்.
பாலைமோட்டைக்குத் தபால் இல்லை.
தலையாரியும் அதே காய்ச்சலில் போய்விட்டான்.
கணக்கை மூடாமல் வருஷம் முடியாது.
தை பிறந்து ஒரு கிழமையில் நானே நடந்தேன்.

காட்டு வாசலில் குழை முறித்துக் கட்டினேன்.
ஒட்டுசுட்டான் தாண்டி,
சோடாப் போத்தல்கள் உடைந்து கிடந்த இடம் தாண்டி
இன்னும் ஒன்றரை நாள்.
படத்தில் வெள்ளையாய் இருந்த இடத்தில்
குரக்கன் கதிர் கொய்துகொண்டிருந்தார்கள்.
ஒரு பெண்பிள்ளை கிளி கலைத்தாள்.

உடைப்பின் ஓரம் கல்.
ஆள் உயரத்துக்கு, வண்டி வண்டியாய்,
பருமன் பார்த்துப் பிரித்து அடுக்கிய கல்.

"துரைமார் பின்னாலை வருகினமோ?"
பூதர் கேட்டார்.
"கல்லுக் காணுமோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

நான் இரண்டு சதத்தை நீட்டினேன்.
ராணியின் முகத்தைப் பெருவிரலால் துடைத்தார்,
மறுபக்கம் இருந்த மரத்தைப் பார்த்தார்.
அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"குடுத்தது காணாதெண்டு
திருப்பி விட்டவையோ?"

நல்ல கையெழுத்தால் அந்த இடத்தில்
ஒரு பயனும் இல்லை.
இல்லை ஐயா என்றேன்.
அவர் அதற்குள் குடிசைக்குள் போய்விட்டார்.
ஒரு போத்தல் தேனோடு வந்தார்.
சதம் இரண்டையும் அதன் மேல் வைத்து
என் கையில் தந்தார்.

ஒன்பது வருஷமாகிறது.
கணக்காய்வாளர் ஒவ்வொரு மார்கழியும்
சிவப்பு மையில் கேட்கிறார், இது என்னவென்று.
ஒவ்வொரு தையிலும்
புதுப் பக்கத்தின் முதல் வரியில் எழுதுகிறேன்:

முன்கொணர்ந்த மீதி, சதம் இரண்டு.
தேன், போத்தல் ஒன்று,
விற்கப்படவில்லை.