பீச்சாங்கை

எல்லாப் பிள்ளைகளும் வரலாம் என்று
கொருக்குப்பேட்டை கேட் பக்கத்துச் சுவரில்
நீலப் பெயிண்டில் எழுதியவன் நான்தான்.
கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணும் வேலை எனக்கு.
எழுத்து கொஞ்சம் சாய்ந்துதான் வரும்.
'எல்லா'வில் லா பெருத்துவிட்டது,
'வரலாம்' சுவர் முடிந்து
ஈ.பி. பெட்டிமேல் ஏறிக்கொண்டது.

ஆறு டீம். ஞாயிறு காலை ஆறரை.
பீஸ் கிடையாது, செருப்பில்லாமலும் ஓடலாம்.
மணல் அடைத்துத் தைத்த சிமெண்டுச் சாக்கு நாலு,
அதுதான் பேஸ்.
ஏலம் முடிந்து காலில் செதிலோடு வருவான் நூக்கராஜு.
இடுப்பில் தம்பியோடு வருவாள் சங்கவி,
அவனை என் மடியில் போட்டுவிட்டுத்தான் பேட்டைத் தொடுவாள்;
ஸ்கோர் நோட்டில் அவன் சப்பிய பக்கத்து ரன்னுக்கு
இன்றுவரை தகராறு.
இம்ரோசுக்குக் காது கேட்காது.
அவனுக்காகக் கையைத் தூக்கிப் பழகிய அம்பயர்
இப்போது யாருக்கும் கத்துவதில்லை.
லைன் வீட்டு ஒடியாப் பையன்கள் இருவர்
'ஓடு' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டார்கள்.
போதுமாயிருந்தது.

எல்லாம் சரியாகத்தான் போனது,
எப்சிபா வரும்வரை.

மூன்று வாரம் ரயில்வே காம்பவுண்டுமேல் உட்கார்ந்து பார்த்தாள்.
நாலாவது வாரம், தாண்டிப்போன பந்தை
அங்கிருந்தே எறிந்தாள்.
ஓரிடத்திலும் தரை தொடாமல்
கேட்சர் கையில் பொத்தென்று விழுந்தது.
எறிந்தது இடது கை.

'பேர் எழுதட்டுமா?'
'எழுதிக்கோ.'

கிளவுஸ் மூட்டையைக் கொட்டினேன். பத்தொன்பது.
எண்ணி வாங்கியவன் நான்.
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தாள்.
கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில் சுண்டுவிரல்.
அப்போதுதான் உறைத்தது:
சோத்தாங்கையால் எறிகிறவன்
பீச்சாங்கையால்தான் பிடித்தாக வேண்டும்.
பத்தொன்பதும் பீச்சாங்கைக்கு.
இந்த ஆட்டத்தில் அத்தனை பேரும்
அந்தக் கையை நீட்டித்தான் வாங்குகிறார்கள்,
ஒருவன் தலையிலும் குட்டு விழுவதில்லை.
அவளுக்குக் காணிக்கைத் தட்டில் ஓர் அடி,
மூன்றாம் வகுப்பில் ஸ்கேலால் எத்தனையோ.

'பரவால்லண்ணா' என்று வெறுங்கையால் பிடித்தாள்.
ஏழு இன்னிங்ஸ்.
உள்ளங்கை பன்னு மாதிரி உப்பியிருந்தது.
அடித்து மாற்றிய கைதான் எழுதும் கை;
திங்கட்கிழமை பென்சில் பிடிக்க முடியவில்லையாம்.

வேலைக்குப் போகிற வழியில் அந்தச் சுவர்.
லா என்னையே பார்த்தது.
அரிசி மூட்டையில் இரண்டு முறை கணக்குத் தப்பினேன்.

மணலி ரோட்டில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறார் சர்புதீன்.
கிளவுஸை வாங்கிப் புரட்டினார்,
நின்றிருந்த லாரியின் சைடு கண்ணாடியில் காட்டினார்,
உள்ளே தெரிந்ததைப் பார்த்து வெட்டினார்.
உள்ளே பழைய சீட்டுப் பஞ்சு, மேலே மஞ்சள் தார்ப்பாய்.
காசு வேண்டாம் என்றெல்லாம் சொல்லவில்லை.
நூற்று எண்பது.

அடுத்த ஞாயிறு
கேட் போட்டிருந்தார்கள்,
டேங்கர் வண்டி முடியவே முடியாமல் போய்க்கொண்டிருந்தது.
எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே
பந்து உயரமாய் எழும்பி அவளைத் தேடி வந்தது.
இரண்டடி பின்னால் போனாள்,
மஞ்சள் கையைத் தூக்கினாள்,
விட்டுவிட்டாள்.

'கிளவுஸ் மாட்டிக்கினு வுட்டுட்டியே!' என்று
நூக்கராஜு தலையில் அடித்துக்கொண்டான்.
ஒடியாப் பையன்கள் 'ஓடு ஓடு' என்று
அவள் டீமா எதிர் டீமா என்று தெரியாமல் கத்தினார்கள்.
அவள் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச்
சிரித்துக்கொண்டிருந்தாள்.

நோட்டைப் பிரித்தேன்.
மற்றவர்கள் பேருக்கு நேரே நிறைய இருக்கிறது.
எரர் கட்டத்தில்
எப்சிபாவுக்கும் ஒரு கோடு போட்டேன்,
கொஞ்சம் அழுத்தி.