இடது ஓரம்

கிளப் அனுப்பிய படிவத்தில் பதினேழு கட்டங்கள்.
பெயர்: லிங்கேஸ்வரன் த/பெ மாணிக்கவேலு.
வயது இருபத்திரண்டு. இயந்திரவியல், கடைசி ஆண்டு.
ஆடும் இடம்: இடது தற்காப்பு.
உயரம்: நூற்று எழுபத்தொன்று.
(கோலாலம்பூரில் எங்கள் கோச்சுக்கு
நூற்று எழுபத்தெட்டுக்குக் கீழே
மனிதர்கள் கண்ணில் படுவதில்லை.)

கெலுகோர் மேட்டுத் திடல், மாலை நாலரை.
மழை வருமா என்று கேட்டேன்.
டிக்கெட் கிழிப்பவர் பதில் சொல்லாமல்
குடையைக் காட்டினார்.
ரப்பர் வளையம் போட்ட பையில் மைலோ ஐஸ் உறிஞ்சியபடி
அவன் ஓடும் கோட்டோடு நின்றேன்.
காப்பீடு விற்பவன் போல உடுத்தியிருந்தேன்;
வார நாட்களில் விற்பதும் அதுதான்.

முதல் பத்து நிமிடத்தில் எழுதியது:
பந்தைப் பார்ப்பதில்லை.
எதிராளியின் காலையும் பார்ப்பதில்லை.
இடுப்பைப் பார்க்கிறான்.

கால் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும்,
கண் சொல்லும் பொய்க்குக் கணக்கே கிடையாது.
இடுப்பு போகிற பக்கம்தான்
ஆள் போயாக வேண்டும்.

எதிரணியின் வலது ஓரத்தில் ஃபிர்டாவுஸ் என்று ஒரு மின்னல்.
கூட்டம் வந்ததே அவனைப் பார்க்கத்தான்.
மூன்று தடவை வந்தான்.
முதல் தடவை பந்தை இழந்தான்.
இரண்டாம் தடவை பந்தோடு கோட்டைத் தாண்டி வெளியே போனான்,
போன பிறகுதான் தெரிந்தது, அனுப்பி வைக்கப்பட்டது.
மூன்றாம் தடவை பாதி வழியில் நின்று
பின்னால் தட்டிவிட்டான்.
அப்புறம் பந்து இந்தப் பக்கமே வரவில்லை.

இங்கேதான் பேனா நின்றது.
தடுத்த பந்துகள்: மூன்று.
அந்தப் பக்கத்து வலது தற்காப்பு, ஜெரமி ஊய், பதினொன்று தடுத்திருந்தான்;
எல்லோரும் அவன் வழியாகத்தான் புகுந்தார்கள்.
காகிதத்தில் அவன் மலை.
திருடன் எட்டிப் பார்க்காத வீட்டு நாய்க்கு
என்ன மதிப்பெண் போடுவது?

நாற்பது நிமிடம் ஆளில்லாத புல்லைக் காத்தான்.
பந்து அங்கே நகர, இவன் இங்கே இரண்டடி முன்னே,
ஓரடி உள்ளே, மறுபடி பின்னே,
வராத விருந்தாளிக்கு நாற்காலியை இழுத்து இழுத்துப் போடுகிறவன் மாதிரி.
மூன்றுகால் ஸ்டாண்டில் இருந்த கேமரா
ஒரு தடவைகூட இப்படித் திரும்பவில்லை.

எழுபத்தொன்றாவது நிமிடம். மழை இறங்கிவிட்டது.
ஃபிர்டாவுஸ் திரும்ப வந்தான்.
புல் வழுக்கியது.
ஒரு பக்கம் திரும்பிவிட்ட உடம்பை
மறுபக்கம் கொண்டுவர இவனுக்கு அரை நொடி பிடித்தது.
அரை நொடிக்குள் கோல்.

இதை மட்டும் திடல் முழுக்கப் பார்த்தது.
எழுதினேன்: திருப்பம் மந்தம். ஈரத்தில் மோசம்.
மை கலங்கியது, அழிக்கவில்லை.

நான் காத்திருந்தது அதற்கு அடுத்த பந்துக்கு.
ஏமாந்தவன் வழக்கமாக மூன்றடி தள்ளி நிற்பான்,
இல்லை, கோபத்தில் கணுக்காலைத் தேடிப் போவான்.
இவன் முன்பு நின்ற அதே தூரத்தில் நின்றான்,
ஒரு கை நீளம்,
ஆட்டம் இப்போதுதான் தொடங்கியது போல.
எடுத்துவிட்டான்.

வேகத்துக்குக் கட்டம் இருக்கிறது, எகிறலுக்கு இருக்கிறது,
தலைமைப் பண்புக்கு இரண்டு இருக்கிறது.
மறதிக்கு இல்லை.
செராஸில், பத்தொன்பது வயதில், நான் விட்ட ஒரு பந்தை
இன்றும் தடுத்துக்கொண்டிருக்கிறேன்,
பெரும்பாலும் விடியற்காலை மூன்று மணிக்கு.

பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் வந்து நின்றான்,
காலணி கையில், முட்டியில் சேறு.
"அண்ணே, பாயான் பாரு பஸ் போயிருச்சா?"
இன்னும் இல்லை என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை.
தூறல் அடிக்க நான் கொஞ்சம் உள்ளே நகர்ந்தேன்.
அதற்குள் அவன் அங்கே இருந்தான்,
அரை அடி முன்னதாக, பக்கவாட்டில்,
எனக்குக் கால்வாய் ஓரத்தை மட்டும் விட்டுவைத்து.
என்னைப் பார்க்கக்கூட இல்லை.

படிவத்தை விரித்து உயரத்தை மட்டும் அடித்தேன்.
என்ன எண் போடலாம் என்று யோசிப்பதற்குள் பஸ் வந்தது.
அவன்தான் முதலில் ஏறினான்.