பதினாறு வெள்ளை, ஒரு சாம்பல்

பல் செய்வது என் தொழில்.
வெள்ளையில் பதினாறு உண்டு,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, ஓர் எண்.
காபி குடிப்பவனின் வெள்ளை,
ஐம்பதைத் தொட்டவளின் வெள்ளை.
சன்னலோரம் வைத்துப் பார்த்துப் பொருத்தினால்
பக்கத்துப் பல்லே ஏமாந்துபோகும்.

அதனால்தான் கூடத்துக்கு நிறம் பார்க்கும் வேலை
என் தலையில் விழுந்தது.
ஐலிஃப் கழன்றுகொண்டான்.
இரவெல்லாம் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.
“ஆரஞ்சு மட்டும் வேண்டாம்.
வண்டியும் ஆரஞ்சு, சட்டையும் ஆரஞ்சு.”

சாம்பலும் கருநீலமும் என்றேன்.
மூன்று சுவர் சாம்பல்,
சோபாவுக்குப் பின்னால் ஒன்று நேவி ப்ளூ.

அவன் திரையை விலக்கிக் காட்டினான்.
டிசம்பர், மதியம் பன்னிரண்டரை.
மலைமேல் சாம்பல்,
நீரிணைமேல் கருநீலம்,
பாலத்தில் விளக்குகள்.
“அங்கே சும்மா கிடைக்கிறதை
இங்கே லிட்டர் கணக்கில் வாங்கணுமா?”

வெளியே இருந்தால் அது வானிலை,
உள்ளே இருந்தால் நான் எடுத்த முடிவு.
இந்தப் பதில் தோன்றியபோது
அவன் வேலைக்குப் போய்விட்டிருந்தான்.

கடையில் சாம்பலுக்கு நாற்பது பெயர்.
ஈயம், மூடுபனி, கடற்காக்கையின் முதுகு.
குழாய்விளக்கின் கீழே நாற்பதும் ஒரே திங்கட்கிழமை.
“பகல் வெளிச்சத்தில் பார்த்துட்டு வாங்குங்க”
என்றாள் கடைப்பெண் ஒட்னி,
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.
ட்ரோம்சோவுக்குச் சூரியன் வர
இன்னும் ஏழு வாரம்.

காத்திருக்கலாம்தான்.
விளக்கொளியில் பல் பொருத்துகிறவளை
என் பட்டறையில் நானே வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டேன்.
ஆனால் பழைய சுவர் பீச் பழ நிறம்.
அதில் முன்பு குடியிருந்தவர்களின் படங்கள்
கழற்றிய இடத்தில் ஒன்பது வெளிறிய சதுரங்கள்.
யாரோ ஒரு குடும்பம்
நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

இரண்டு ஞாயிறு பிடித்தது.
ஐலிஃப் சாலையைத் தள்ளுவதுபோலத்தான் உருளையையும் தள்ளினான்,
ஓரத்திலிருந்து ஓரத்துக்கு,
திரும்பும் இடத்தில் பின்னால் ஒரு பார்வை.
கருநீலம் பாதிச் சுவரில் தீர்ந்தது.
ஓடிப்போய் இன்னொரு டப்பா.
அதே பெயர், அதே எண்.
பூசி முடித்து விளக்கைப் போட்டோம்.
ஒரே சுவர், ஒரே நீலம்.

அதன்பின் நல்ல நாட்கள்.
விளக்கின் மஞ்சளுக்கு முன்பில்லாத மதிப்பு வந்தது.
அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தால்
ஐலிஃப்புக்குக்கூட ஒரு களை.
சாம்பல் நிறப் பூனை
சாம்பல் நிறச் சோபாவில் தொலைந்துபோனது;
இருமுறை அதன்மேல் உட்காரப் பார்த்தேன்.

ஜனவரி கடைசி.
ஊரே சன்னலில் நின்ற மதியம்.
கையில் ஜாம் வைத்த பன்,
சூரியன் வரும் நாளுக்கென்று சுடுவது.
தெற்கு மலையின் பல்லிடுக்கில்
ஒரு சிவப்புத் துளி,
பிறகு கண் கூசியது.

திரும்பிப் பார்த்தேன்.

வெயில் படாத பக்கச் சுவர்கள் பச்சை.
அதிகம் வெந்த முட்டையின் மஞ்சள்கருவைச் சுற்றி
ஒரு வளையம் இருக்குமே, அந்தப் பச்சை.
வெயில் பட்ட சுவரில் இரண்டு நீலம்.
மேலே மை, கீழே கடல்.
நடுவில் ஐலிஃப்பின் தோளுயரத்தில்
மட்டம் வைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு.

“இது எத்தனாம் நம்பர் பல்?” என்றான்.
வாயில் பன் இருந்ததால்
நான் திட்டவில்லை.

நான்கு நிமிடம்.
மலை சூரியனை உள்ளே இழுத்துக்கொண்டது.
சுவர் மறுபடி ஒன்றானது,
சாம்பல் சாம்பலானது.
கோடு இருந்த இடத்தை விரலால் தடவினேன்.
ஒன்றும் தட்டுப்படவில்லை.

மறுபடி பூசலாமா என்று கேட்க வாயெடுத்தேன்.
மே மாதம் வந்தால் இங்கே இரவே கிடையாது,
அந்தக் கோடு எங்களோடு சேர்ந்து
ராத்திரி முழுக்க விழித்திருக்கும்.

ஐலிஃப் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.
நாற்காலியைத் தூக்கி வந்து
சுவருக்கு நேரே போட்டான்.
“நாளைக்கு இன்னும் கொஞ்ச நேரம் தெரியும்.”